கொலஸ்டிராலைக் குறைக்கும் தாவரக் குறைநிரப்பிகள்

கொலஸ்டிராலைக் குறைக்கும் தாவரக் குறைநிரப்பிகள் என்பன, இரத்தத்தில் உள்ள கொலஸ்டிராலின் (கொழுமியத்தின்) அளவைக் குறைக்கும் நோக்குடன் அன்றாட உணவுக்கு மேலதிகமாக உட்கொள்ளப்படும் தாவரப் பொருட்கள் ஆகும். இவை தூள், பிசின், எண்ணெய், மாத்திரை, குளிகை எனப் பல வடிவங்களில் விற்கப்படுகின்றன. இசப்பகோல் உமி, வெந்தயம், பூண்டு, குக்கில் பிசின், தாவர ஸ்டீரால்கள், ஓட்ஸ் நார்ப்பொருள் முதலியன இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. செவ்வரிசி எனப்படும் சிவப்புப் பூசண அரிசியும் இவற்றுடன் சேர்த்தே பேசப்படுகின்றது.

இவற்றுள் சிலவற்றின் பயன் மருத்துவ ஆய்வுகளால் உறுதி செய்யப்பட்டுள்ளது. சில எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. இன்னும் சில தீங்கும் விளைவிக்கக்கூடியவை. தாவரத்தில் இருந்து பெறப்பட்டது என்பதால் மட்டும் ஒரு பொருள் பயனுள்ளது என்றோ தீங்கற்றது என்றோ கொள்ள இயலாது.

பின்னணி

கொலஸ்டிரால் மெழுகு போன்ற ஒரு கொழுப்புப் பொருள் ஆகும். உயிரணு மென்சவ்வுகளின் அமைப்புக்கும், சில இயக்குநீர்கள், உயிர்ச்சத்து டி, பித்த அமிலங்கள் ஆகியவற்றின் உருவாக்கத்துக்கும் இது இன்றியமையாதது. உடலுக்குத் தேவையான கொலஸ்டிராலின் பெரும்பகுதி உடலிலேயே உருவாகின்றது. இதில் கல்லீரலின் பங்கு முதன்மையானது. எஞ்சிய பகுதி முட்டை, இறைச்சி, பால் முதலிய விலங்கு உணவுகளில் இருந்து கிடைக்கின்றது. தாவர உணவுகளில் கொலஸ்டிரால் ஏறத்தாழ இல்லை எனலாம். ஆயினும் பாமாயில், தேங்காய் எண்ணெய், வனஸ்பதி முதலியவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு, இரத்தக் கொலஸ்டிராலை உயர்த்த வல்லது. எனவே எண்ணெய்ப் புட்டியின் மேல் "கொலஸ்டிரால் அற்றது" என அச்சிடப்பட்டிருப்பது உண்மையாக இருந்தாலும், அதனால் அந்த எண்ணெய் இதயத்துக்கு உகந்தது என ஆகிவிடாது.

கொலஸ்டிரால் நீரில் கரையாதது. ஆகவே அது கொழுப்புப்புரதத் துகள்களில் ஏற்றப்பட்டு இரத்தத்தில் எடுத்துச் செல்லப்படுகின்றது. இத்துகள்களுள் முதன்மையானவை இரண்டு:

- குறையடர்த்திக் கொழுப்புப்புரதம் (எல்.டி.எல்.): இது மிகும்போது கொலஸ்டிரால் தமனிகளின் உட்சுவரில் படிந்து, தமனித் தடிப்பை உண்டாக்குகின்றது. இதனால் மாரடைப்பும் பக்கவாதமும் ஏற்படக்கூடும்.
- மிகையடர்த்திக் கொழுப்புப்புரதம் (எச்.டி.எல்.): இது திசுக்களில் மிஞ்சிய கொலஸ்டிராலைக் கல்லீரலுக்குத் திருப்பி எடுத்துச் செல்கின்றது.

இவை தவிர முக்கிளிசரைடு எனப்படும் கொழுப்பின் அளவும் பரிசோதனையில் அறியப்படுகின்றது. பொதுவாக எல்.டி.எல். அளவு ஒரு டெசிலீட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழ் இருப்பது நலம் எனவும், 160க்கு மேல் மிகை எனவும், 190க்கு மேல் மிக அதிகம் எனவும் கொள்ளப்படுகின்றது. நீரிழிவு உடையோருக்கும் முன்னரே மாரடைப்பு ஏற்பட்டோருக்கும் இலக்கு இதனினும் குறைவாக வைக்கப்படும்.

உயர் கொலஸ்டிரால் பொதுவாக எவ்வித அறிகுறியையும் காட்டுவதில்லை. ஒருவர் உட்கொள்ளும் குறைநிரப்பி பயன் தருகின்றதா என்பதை அவரது உடல்நிலையைக் கொண்டு உணர இயலாது. இரத்தப் பரிசோதனை ஒன்றே அதனைக் காட்டும்.

செயற்படும் விதம்

தாவரப் பொருட்கள் கொலஸ்டிராலைக் குறைப்பதாகக் கருதப்படும் வழிகள் மூன்று வகைப்படும்.

பித்த அமிலங்களைப் பிணைத்தல்: கல்லீரல் கொலஸ்டிராலில் இருந்து பித்த அமிலங்களை உருவாக்கிக் குடலுக்கு அனுப்புகின்றது. கொழுப்புச் செரிமானத்துக்கு உதவியபின் இவற்றின் பெரும்பகுதி குடலில் இருந்து மீண்டும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலை அடைகின்றது. நீரில் கரையும் நார்ப்பொருட்கள் குடலில் கூழ்போல் ஆகிப் பித்த அமிலங்களைப் பிணைத்து மலத்துடன் வெளியேற்றுகின்றன. இழப்பை ஈடுசெய்யப் புதிய பித்த அமிலம் உருவாக்க வேண்டி, கல்லீரல் இரத்தத்தில் உள்ள எல்.டி.எல். துகள்களை எடுத்துக்கொள்கின்றது. இசப்பகோல், ஓட்ஸ், பார்லி, வெந்தயம், பருப்பு வகைகள் இவ்வழியில் செயற்படுகின்றன.

குடலில் உறிஞ்சப்படுவதைத் தடுத்தல்: தாவர ஸ்டீரால்களும் ஸ்டானால்களும் அமைப்பில் கொலஸ்டிராலை ஒத்தவை. குடலில் இவை கொலஸ்டிராலின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், கொலஸ்டிரால் உறிஞ்சப்படும் அளவு குறைகின்றது.

உருவாக்கத்தைத் தடுத்தல்: கல்லீரலில் கொலஸ்டிரால் உருவாவதற்குத் தேவையான ஒரு நொதியைத் தடுப்பது மூன்றாவது வழியாகும். ஸ்டாட்டின் எனப்படும் மருந்துகள் இவ்வாறே செயற்படுகின்றன. குறைநிரப்பிகளுள் செவ்வரிசி இவ்வகையைச் சார்ந்தது.

குக்கில்

இந்திய மரபு மருத்துவத்தில் இருந்து தற்கால மருந்தியலுக்குக் கொண்டுவரப்பட்ட தாவரப் பொருட்களுள் குக்கில் குறிப்பிடத்தக்கது. இது இராசத்தான், குசராத்து, பாக்கித்தானின் சிந்து ஆகிய வறண்ட பகுதிகளில் வளரும் *கொம்மிபோரா விக்டியீ* என்னும் முட்செடியின் பிசின் ஆகும். வடமொழியில் குக்குலு எனப்படும் இது, தமிழில் குக்கில், மைசாட்சி ஆகிய பெயர்களால் அறியப்படுகின்றது. குங்கிலியம் என்னும் பெயர் சால மரம் முதலிய பிற மரங்களின் பிசினுக்கும் வழங்கப்படுவதால், இவற்றுக்கிடையே குழப்பம் நேர்வதுண்டு.

ஆய்வு வரலாறு

உடற்பருமன், கொழுப்பு மிகுதல் ஆகியவற்றைப் பற்றியும், அவற்றுக்கு மருந்தாகக் குக்குலுவைப் பற்றியும் சுசுருத சம்கிதையில் கூறப்பட்டுள்ளது. இக்கருத்தை அடிப்படையாகக் கொண்டு ஜி. வி. சத்தியவதி, பனாரசு இந்துப் பல்கலைக்கழகத்தில் முயல்களில் ஆய்வு செய்து, 1966இல் தமது ஆய்வேட்டை அளித்தார். குக்கில் கொடுக்கப்பட்ட முயல்களில் இரத்தக் கொலஸ்டிரால் குறைந்திருந்ததை அவர் காட்டினார். பின்னாளில் இவர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் பணியாற்றினார்.

இதனைத் தொடர்ந்து இலக்னோவில் உள்ள நடுவண் மருந்து ஆராய்ச்சி நிறுவனம், பிசினில் இருந்து குகுலிப்பிட் என்னும் சாற்றுப்பொருளை உருவாக்கியது. 1980களின் பிற்பகுதியில் இது கொலஸ்டிராலைக் குறைக்கும் மருந்தாக இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. மும்பை, பெங்களூர், தில்லி, செய்ப்பூர், இலக்னோ, நாக்பூர், வாரணாசி ஆகிய நகரங்களில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 1989இல் வெளியாயின. 205 நோயாளிகள் 12 வாரங்கள் இம்மருந்தை உட்கொண்டனர். அவர்களுள் 70 முதல் 80 விழுக்காட்டினருக்குக் கொலஸ்டிராலும் முக்கிளிசரைடும் சராசரியாக நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தாழ்ந்தன என அவ்வாய்வு கூறியது. எனினும் ஆய்வின் இப்பகுதி, மருந்துப்போலி உட்கொள்ளும் ஒப்பீட்டுக் குழு உடன் இல்லாமல் நடத்தப்பட்டதாகும்.

குக்கில் செயற்படும் விதம் குறித்து 2002இல் *சயன்ஸ்* இதழில் ஓர் ஆய்வு வெளியானது. குக்கிலில் உள்ள குகுல்ஸ்டிரோன் என்னும் சேர்மம், கல்லீரலில் பித்த அமிலங்களை உணரும் எப்.எக்ஸ்.ஆர். என்னும் ஏற்பியைத் தடுக்கின்றது என அது விளக்கியது. பழைய மருத்துவ நூல் ஒன்றின் கூற்றுக்கு மூலக்கூற்று அளவில் விளக்கம் கிடைத்துவிட்டதாக அப்போது கருதப்பட்டது.

மறுஆய்வு

அடுத்த ஆண்டே நிலைமை மாறியது. ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உயர் கொலஸ்டிரால் உடைய 103 பேரிடம் நடத்திய ஆய்வு, 2003இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானது. இதில் பங்கேற்றோர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு மருந்துப்போலியும், ஏனைய இரு குழுக்களுக்கு வெவ்வேறு அளவில் குக்கில் சாறும் எட்டு வாரங்கள் கொடுக்கப்பட்டன. யாருக்கு எது கொடுக்கப்படுகின்றது என்பது பங்கேற்றோருக்கும் மருத்துவருக்கும் தெரியாதவாறு மறைக்கப்பட்டிருந்தது. மருந்துப்போலிக் குழுவில் எல்.டி.எல். 5 விழுக்காடு குறைந்தது. குக்கில் உட்கொண்ட குழுக்களிலோ அது 4 முதல் 5 விழுக்காடு வரை உயர்ந்தது. குக்கில் உட்கொண்ட சிலருக்குத் தோலில் ஒவ்வாமைத் தடிப்பும் ஏற்பட்டது. நோர்வேயில் 43 பேரிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான மற்றோர் ஆய்வில் மொத்தக் கொலஸ்டிரால் சிறிதளவு குறைந்தபோதும், எல்.டி.எல். அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை.

இந்திய, அமெரிக்க ஆய்வு முடிவுகள் வேறுபட்டமைக்கு உணவுப் பழக்கம், மரபியல், சாறு எடுக்கும் முறை எனப் பல காரணங்கள் முன்வைக்கப்பட்டன. ஆய்வு முறையில் இருந்த வேறுபாடும் புறந்தள்ளத் தக்கதன்று. மிக உயர்ந்த அளவு காணப்பட்ட ஒருவரை மீண்டும் சோதித்தால், எம்மருந்தும் இன்றியே அளவு சராசரியை நோக்கித் திரும்பியிருப்பது இயல்பு. ஆய்வில் சேர்ந்தவர் உணவிலும் கூடுதல் கவனம் செலுத்துவார். மேற்கண்ட மருந்துப்போலிக் குழுவில் காணப்பட்ட 5 விழுக்காட்டுக் குறைவுக்கு இவை போன்றவையே காரணமாகலாம். ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வில் இத்தகைய குறைவு முழுவதும் மருந்தின் கணக்கில் சேர்ந்துவிடும்.

தாவரத்தின் நிலை

குக்கில் செடி மெதுவாக வளர்வது. கூடுதல் பிசின் பெறும் பொருட்டுத் தண்டில் ஆழமாகக் கீறப்படும் செடிகள் பல பட்டுப்போகின்றன. வாழிட அழிவும் இதனுடன் சேர்ந்து, காடுகளில் இச்செடியின் எண்ணிக்கையைப் பெரிதும் குறைத்துவிட்டது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2015இல் இதனை மிக அருகிய இனமாக வகைப்படுத்தியது.

பிற தாவரப் பொருட்கள்

இசப்பகோல்

இசப்பகோல் என்பது *பிளான்டாகோ ஓவாட்டா* என்னும் செடியின் விதை ஆகும். பெயர் பாரசீக மொழியில் இருந்து வந்தது. விதையின் வடிவத்தைக் கொண்டு "குதிரைக் காது" என இது பொருள்படும் என்பர். உலகில் இதனை மிகுதியாக விளைவிக்கும் நாடு இந்தியா. குசராத்து, இராசத்தான் மாநிலங்களில் இது பெருமளவில் பயிரிடப்படுகின்றது. தமிழ்நாட்டில் இது மலச்சிக்கலுக்கான மருந்தாகவே பெரிதும் அறியப்பட்டுள்ளது.

நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிராம் இசப்பகோல் உமியை உட்கொண்டால் எல்.டி.எல். சுமார் 7 விழுக்காடு குறைகின்றது என்பது பல ஆய்வுகளின் தொகுப்பால் அறியப்பட்டுள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் இதன் இதய நலப் பயனை உணவுப் பொதியில் குறிப்பிடுவதற்கு 1998இல் இசைவளித்தது. உமியைப் போதிய நீருடன் உட்கொள்ள வேண்டும். இல்லையெனில் அது தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளக்கூடும். வேறு மருந்துகளின் உறிஞ்சலை இது குறைக்கலாம் என்பதால், அவற்றுக்கும் இதற்கும் இடையே ஓரிரு மணிநேர இடைவெளி விடப்படுகின்றது.

ஓட்ஸ், பார்லி

இத்தானியங்களில் பீட்டா குளுக்கான் என்னும் கரையும் நார்ப்பொருள் உள்ளது. நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான் எல்.டி.எல். அளவைச் சிறிதளவு குறைக்கின்றது. ஓட்ஸுக்கு இத்தகைய நலக்கூற்று ஐக்கிய அமெரிக்காவில் 1997இல் ஏற்கப்பட்டது.

தாவர ஸ்டீரால்கள்

எண்ணெய் வித்துக்கள், கொட்டைகள், தானியங்கள் ஆகியவற்றில் தாவர ஸ்டீரால்கள் இயல்பாகவே உள்ளன. நல்லெண்ணெயிலும் இவை கணிசமாகக் காணப்படுகின்றன. ஆயினும் வழக்கமான உணவில் இருந்து நாளொன்றுக்குச் சில நூறு மில்லிகிராம் மட்டுமே கிடைக்கின்றது. எல்.டி.எல். அளவை 8 முதல் 10 விழுக்காடு வரை குறைக்கச் சுமார் 2 கிராம் தேவைப்படுகின்றது. இதன்பொருட்டு ஸ்டானால் சேர்க்கப்பட்ட செயற்கை வெண்ணெய் 1995இல் பின்லாந்தில் அறிமுகமானது. தாவர ஸ்டீரால்கள் இரத்தத்தில் மிகும் சிட்டோஸ்டிரோலேமியா என்னும் அரிய பரம்பரை நோய் உடையோர் இவற்றை உட்கொள்ளலாகாது.

வெந்தயம்

வெந்தயத்தில் கலாக்டோமன்னான் என்னும் வழவழப்பான நார்ப்பொருள் உள்ளது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1980களில் இருந்து இதனை ஆய்ந்துள்ளனர். 1990இல் வெளியான அவர்களது ஆய்வில், கொழுப்பு நீக்கிய வெந்தயத் தூள் முதலாம் வகை நீரிழிவு உடையோருக்கு உணவுடன் கொடுக்கப்பட்டது. இரத்தச் சர்க்கரையுடன் மொத்தக் கொலஸ்டிரால், எல்.டி.எல்., முக்கிளிசரைடு ஆகியனவும் குறைந்தன. ஆனால் கொடுக்கப்பட்ட அளவு நாளொன்றுக்கு 100 கிராம் ஆகும். இரவில் ஊறவைத்துக் காலையில் உண்ணப்படும் ஒரு தேக்கரண்டி வெந்தயத்துக்கு அம்முடிவை அப்படியே பொருத்த இயலாது. வெந்தயம் சர்க்கரை அளவைக் குறைப்பதால், நீரிழிவு மருந்து உட்கொள்வோர் மிகையாக உண்டால் தாழ்சர்க்கரை ஏற்படலாம்.

பூண்டு

பூண்டின் எண்ணெய் பற்றி உதயப்பூரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1973இல் *லான்செட்* இதழில் எழுதியது உலகின் கவனத்தை ஈர்த்தது. அதன்பின் பூண்டு மாத்திரைகள் பல நாடுகளில் பெரும் விற்பனைப் பொருளாயின. இசுடான்போர்டு பல்கலைக்கழகம் 192 பேரிடம் ஆறு மாதங்கள் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில் பச்சைப் பூண்டும், இருவகைப் பூண்டுக் குறைநிரப்பிகளும் மருந்துப்போலியுடன் ஒப்பிடப்பட்டன. மூன்றும் எல்.டி.எல். அளவைக் குறிப்பிடத்தக்க வகையில் குறைக்கவில்லை. பூண்டு மாத்திரைகள், வார்பாரின் முதலிய குருதியுறைவு எதிர்ப்பு மருந்துகளுடன் சேரும்போது குருதிப்போக்கு ஏற்படும் வாய்ப்பை மிகுவிக்கலாம்.

செவ்வரிசி

அரிசியில் *மொனாஸ்கஸ்* என்னும் பூசணத்தை வளர்த்துப் பெறப்படும் செவ்வரிசி, சீனாவில் நெடுங்காலமாக உணவிலும் மருந்திலும் பயன்பட்டு வருகின்றது. ஸ்டாட்டின் மருந்துகளின் முன்னோடியான அக்கிரா எண்டோ, 1979இல் இப்பூசணத்தில் இருந்து மொனாக்கோலின் கே என்னும் சேர்மத்தைப் பிரித்தெடுத்தார். இது 1987இல் ஐக்கிய அமெரிக்காவில் மருந்தாக ஏற்கப்பட்ட லோவாஸ்டாட்டின் என்னும் சேர்மமே ஆகும். எனவே செவ்வரிசி கொலஸ்டிராலைக் குறைக்குமாயின், அது ஸ்டாட்டினாகவே செயற்படுகின்றது. தசைவலி, கல்லீரல் பாதிப்பு போன்ற பக்கவிளைவுகளும் அவ்வாறே. ஸ்டாட்டினுடன் சேர்த்து இதனை உட்கொண்டால் ஒரே மருந்தை இருமுறை உட்கொண்டதாகும்.

செவ்வரிசிக் குறைநிரப்பிகளில் மொனாக்கோலின் அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுபடுகின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இதன் நாளளவு 3 மில்லிகிராமுக்குக் குறைவாகவே இருக்க வேண்டும் என வரையறுத்தது. 2024இல் சப்பானில் ஒருவகைச் செவ்வரிசி மாத்திரையை உட்கொண்ட பலருக்குச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டு, அம்மாத்திரைகள் திரும்பப் பெறப்பட்டன.

ஏனையவை

கரும்பு மெழுகில் இருந்து கியூபாவில் உருவாக்கப்பட்ட பாலிக்கோசனால் பற்றி முதலில் வெளியான ஆய்வுகள் மிகுந்த நம்பிக்கை அளித்தன. ஆனால் செருமனியில் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வில் அது மருந்துப்போலியினின்று வேறுபடவில்லை. நீர்மருதம் பட்டை, மஞ்சள், இலவங்கப்பட்டை ஆகியனவும் பரிந்துரைக்கப்படுகின்றன. இவை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. முடிவுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துவருவதில்லை.

மருந்துகளுடன் ஒப்பீடு

ஐக்கிய அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வு, குறைநிரப்பிகளையும் ஸ்டாட்டினையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. இதய நோய் இல்லாத 190 பேர் இதனை நிறைவு செய்தனர். குறைந்த அளவான 5 மில்லிகிராம் ரோசுவாஸ்டாட்டின், மருந்துப்போலி, மீனெண்ணெய், இலவங்கப்பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டீரால், செவ்வரிசி ஆகியவற்றுள் ஒன்று ஒவ்வொருவருக்கும் 28 நாட்கள் கொடுக்கப்பட்டது. ரோசுவாஸ்டாட்டின் எல்.டி.எல். அளவைச் சுமார் 38 விழுக்காடு குறைத்தது. குறைநிரப்பிகளுள் எதுவும் மருந்துப்போலியைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை.

இவ்வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். ஒருவரது எல்.டி.எல். 160 எனக் கொள்வோம். இசப்பகோல் 7 விழுக்காடு குறைத்தால் அது ஏறத்தாழ 149 ஆகும். ஸ்டாட்டின் 38 விழுக்காடு குறைத்தால் 99 ஆகும். எல்.டி.எல். அளவு 39 மில்லிகிராம் குறைந்தால், மாரடைப்பு, பக்கவாதம் முதலிய பெரும் இரத்தக்குழாய் நோய்கள் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைகின்றன என்பது ஸ்டாட்டின் பற்றிய பெரும் ஆய்வுகளின் தொகுப்பால் கணக்கிடப்பட்டுள்ளது. மேற்கூறிய குறைநிரப்பிகளுக்கு, மாரடைப்பைத் தடுப்பதாக இத்தகைய வலுவான சான்று இல்லை.

எனினும் உணவு முழுவதையும் மாற்றியமைக்கும்போது கிடைக்கும் பயன் பெரிது. கனடாவின் தொராண்டோவில் தாவர ஸ்டீரால், கரையும் நார்ப்பொருள், சோயாப் புரதம், வாதுமை ஆகிய நான்கையும் இணைத்து உருவாக்கப்பட்ட உணவுமுறை, ஒரு மாதத்தில் எல்.டி.எல். அளவைச் சுமார் 29 விழுக்காடு குறைத்தது என 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே ஆய்வில் லோவாஸ்டாட்டின் உட்கொண்டோருக்குச் சுமார் 31 விழுக்காடு குறைந்தது. ஆய்வில் பங்கேற்ற 46 பேருக்கும் உணவு ஆய்வகத்தாலேயே வழங்கப்பட்டது. வீட்டில் தாமே சமைத்து உண்போர் இதனை அதே அளவில் பின்பற்றுவது கடினம்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாடு, மகாராட்டிரம், சார்க்கண்ட், சண்டிகர் ஆகிய பகுதிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வின்படி, சோதிக்கப்பட்டோருள் 13.9 விழுக்காட்டினருக்குக் கொலஸ்டிரால் மிகையாகவும், 29.5 விழுக்காட்டினருக்கு முக்கிளிசரைடு மிகையாகவும், 72.3 விழுக்காட்டினருக்கு எச்.டி.எல். குறைவாகவும் இருந்தன. இங்கு மொத்தக் கொலஸ்டிராலைவிட, குறைந்த எச்.டி.எல்., மிகை முக்கிளிசரைடு ஆகியவையே பரவலாக உள்ளன என்பதை இது காட்டுகின்றது. இவ்விரண்டுக்கும் உடலுழைப்புக் குறைவு, உடற்பருமன், மாவுச்சத்து மிகுந்த உணவு ஆகியவற்றுடன் தொடர்பு உண்டு. நார்ப்பொருளும் தாவர ஸ்டீரால்களும் முதன்மையாக எல்.டி.எல். அளவையே குறைப்பவை என்பது இங்குக் கருதத்தக்கது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, வேலூர் நகரிலும் கணியம்பாடி ஒன்றியக் கிராமங்களிலும் 1991-94 ஆண்டுகளிலும், பின்னர் 2010-12 ஆண்டுகளிலும் இதய நோய்க்கான காரணிகளை ஆய்ந்தது. இவ்விடைக்காலத்தில் நீரிழிவு நகரில் ஏறத்தாழ இருமடங்காகவும், கிராமங்களில் மும்மடங்காகவும் பெருகியிருந்தது. உடலுழைப்பு குறைந்திருந்தது. முன்பு நகர்ப்புற நோயாகக் கருதப்பட்டது கிராமங்களையும் அடைந்துவிட்டதை இவ்வாய்வு காட்டியது.

2019இல் வேலூர் மாவட்டத்தில் இருந்து பிரிக்கப்பட்ட இராணிப்பேட்டை மாவட்டத்தில் அரக்கோணம் அமைந்துள்ளது. அரக்கோணம், ஆம்பூர், வேலூர் ஆகியன அடங்கிய பழைய வடஆற்காட்டு வட்டாரம் நிலக்கடலையும் கேழ்வரகும் விளையும் நிலம் ஆகும். இவ்வட்டாரத்தில் வழக்கில் உள்ள உணவுகளுள் சில, விலை மிகுந்த குறைநிரப்பிகளுக்கு மாற்றாக அமையக்கூடியவை:

- பருப்பு வகைகள்: கொள்ளு, காராமணி, கொண்டைக்கடலை, துவரை முதலியன. நாளொன்றுக்குச் சமைத்த பருப்பு சுமார் 130 கிராம் உண்டால் எல்.டி.எல். ஏறத்தாழ 5 விழுக்காடு குறையும் என 26 ஆய்வுகளின் தொகுப்பு 2014இல் கூறியது.
- நிலக்கடலை: வறுத்தோ அவித்தோ அளவாக உண்ணப்படும் நிலக்கடலையில் நிறைவுறாக் கொழுப்பும் தாவர ஸ்டீரால்களும் உள்ளன.
- கேழ்வரகுக் களி, கூழ்: கேழ்வரகில் உள்ள நார்ப்பொருளின் பெரும்பகுதி கரையாதது. ஆகவே இது ஓட்ஸைப் போல் நேரடியாகக் கொலஸ்டிராலைக் குறைப்பதில்லை. எனினும் தீட்டிய வெள்ளை அரிசியைவிட நார்ப்பொருள் மிகுந்தது.
- எண்ணெய்: நிறைவுற்ற கொழுப்பு கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. தமிழ்நாட்டில் 2007 முதல் நியாயவிலைக் கடைகளில் வழங்கப்பட்டுவரும் பாமாயிலில் இது 40 விழுக்காட்டுக்கு மேல். தேங்காய் எண்ணெயில் சுமார் 90 விழுக்காடு.

மாரடைப்பு அறிகுறியுடன் வருவோருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதற்கட்ட மாத்திரைகளை வழங்கும் "இதயம் காப்போம்" திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கியது. இம்மாத்திரைகளுள் அட்டர்வாஸ்டாட்டின் என்னும் ஸ்டாட்டினும் ஒன்றாகும்.

சட்ட நிலை

இந்தியாவில் ஒரே தாவரப் பொருள் இருவேறு சட்டங்களின் கீழ் விற்கப்படலாம். சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்தாக விற்கப்படும்போது அது 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருட்கள் சட்டத்துக்கு உட்பட்டது. உணவுக் குறைநிரப்பியாக விற்கப்படும்போது, இந்திய உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணய ஆணையத்தின் விதிமுறைகள் பொருந்தும். குறைநிரப்பியின் பொதியில் அது மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அன்று என்னும் குறிப்பு இருத்தல் வேண்டும். மருந்துக்கு வேண்டப்படுவது போன்ற மருத்துவ ஆய்வுச் சான்று குறைநிரப்பிகளுக்கு விற்பனைக்கு முன் வேண்டப்படுவதில்லை.

பாதுகாப்பும் எச்சரிக்கைகளும்

- மாரடைப்பு, பக்கவாதம், இதயக் குழாய் அறுவை ஆகியவற்றுக்குப் பின் மருத்துவர் பரிந்துரைத்த ஸ்டாட்டினை நிறுத்திவிட்டு, அதற்கு மாற்றாகக் குறைநிரப்பியை உட்கொள்வது ஆபத்தானது. பரிசோதனை அளவு இயல்பாக இருப்பது மருந்தின் விளைவே ஆகலாம். அதனைக் கொண்டு மருந்து இனித் தேவையில்லை எனக் கருதலாகாது.
- எல்.டி.எல். 190க்கு மேல் உள்ளோருக்கும், இளவயதில் மாரடைப்பு ஏற்பட்ட உறவினர் உள்ளோருக்கும் பரம்பரை மிகைக் கொலஸ்டிரால் இருக்கலாம். ஏறத்தாழ 250 முதல் 300 பேரில் ஒருவருக்குக் காணப்படும் இந்நிலையை உணவாலும் குறைநிரப்பியாலும் மட்டும் சீர்செய்ய இயலாது.
- தைராய்டுச் சுரப்புக் குறைவு, சில சிறுநீரக நோய்கள் ஆகியனவும் கொலஸ்டிராலை உயர்த்தும். இத்தகையோருக்கு மூலநோய்க்கே மருத்துவம் தேவை.
- செறிவூட்டிய பச்சைத் தேயிலைச் சாறு, மஞ்சள் சாறு, செவ்வரிசி ஆகியவற்றால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு நேர்ந்துள்ளது. தேநீராகவும் சமையலிலும் பயன்படும் அளவுக்கு இது பொருந்தாது.
- ஐக்கிய அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்கப்பட்ட, தெற்காசியாவில் தயாரான 70 ஆயுர்வேதப் பொருட்களைச் சோதித்ததில் 14 பொருட்களில் ஈயம், பாதரசம், ஆர்சனிக்கு ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருந்தன என 2004இல் வெளியான ஆய்வு கூறியது. உரிம எண்ணும் தயாரிப்பாளர் முகவரியும் இல்லாத தூள்களைத் தவிர்ப்பது நன்று.
- கருவுற்றோரும் பாலூட்டுவோரும் செவ்வரிசி, குக்கில் ஆகியவற்றைத் தவிர்த்தல் வேண்டும்.
- குறைநிரப்பி எதனையும் உட்கொள்வோர் அதனை மருத்துவரிடம் தெரிவித்து, இரண்டு அல்லது மூன்று மாதங்களுக்குப் பின் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதன் மூலம் பயனை அறியலாம்.

இவற்றையும் பார்க்கவும்

- கொலஸ்டிரால்
- தமனித் தடிப்பு
- மாரடைப்பு
- ஸ்டாட்டின்
- நார்ப்பொருள்
- சித்த மருத்துவம்
- மருந்துப்போலி